பத்தாம் இலக்கம்

கண்டி திருகோணமலை வீதிக்கு டி. எஸ். சேனாநாயக்க வீதி என்று பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊரின் பழைய ஆட்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். 1990களின் கடைசியில் அந்த வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், கணினி திருத்தும் கடையொன்று இருந்தது. அக்குறணைக்காரர் ஒருவர் நடத்தினார். எங்களுக்கு அவர் நானா. நானும் குண்டசாலைப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவனும் அங்கே வேலைக்கு இருந்தோம். அவனை எல்லோரும் மல்லி என்றே கூப்பிடுவோம். மேசைக்கணினி வந்தால் மல்லியிடம் போகும், மடிக்கணினி வந்தால் என்னிடம் வரும். யாரும் சொல்லிவைக்காமலே வேலை அப்படிப் பிரிந்துபோயிற்று.

கடைக்கு வந்த மடிக்கணினிகளில் புதியவை மிகக் குறைவு. சிங்கப்பூரிலோ துபாயிலோ இரண்டாம் கையாக வாங்கியவை சில. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய விரிவுரையாளர்கள் கையோடு கொண்டுவந்தவை சில. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்த உறவுகள், தங்களுக்குப் புதிது வாங்கியதும் பழையதை ஊருக்கு அனுப்பிவைத்தவை மிச்சம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே மொடமும் கிடையாது, நெட்வேர்க்கும் கிடையாது. பக்கவாட்டில் ஒடுக்கமான ஒரு வாய் மட்டும் இருக்கும். அதற்குள் ஒரு கார்ட்டைச் செருகினால்தான் வெளியுலகத்தோடு பேச்சு.

அந்த வெளியுலகத்தின் மேல் அப்போது ஊரே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. இலங்கையில் காசு கட்டி எடுக்கக்கூடிய இணைய இணைப்பு 1995இல் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு இருந்தது. கம்பளைப் பக்கம் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் உதவியோடு, இணையத்தை வானொலிக்குள் கொண்டுவந்திருந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி நிகழ்ச்சியிலேயே விடை சொல்வார்கள். கணினியைக் கண்ணால் காணாத சனம்கூட இணையத்தைக் காதால் கேட்ட காலம் அது. கையில் மடிக்கணினியும் கார்ட்டும் வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாமல் இருந்தவர்களின் எரிச்சலைச் சொல்லவா வேண்டும்? அந்த எரிச்சலைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். கணினியிலும் பழுதில்லை, கார்ட்டிலும் பழுதில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடப்பதில்லை.

அந்தக் கார்ட்டுகளுக்கான தரத்தை வகுத்த சங்கம் 1989இல் உருவானது. பீசிஎம்சிஐஏ என்ற அதன் பெயரே கார்ட்டின் பெயருமாகிவிட்டது. 1990இல் வெளிவந்த முதல் தரம் நினைவகக் கார்ட்டுகளுக்கு மட்டுமானது. 1991இல் வந்த அடுத்த பதிப்புதான் மொடம், நெட்வேர்க் போன்றவற்றுக்கு வழிவிட்டது. கார்ட் 85.6 மில்லிமீற்றர் நீளம், 54 மில்லிமீற்றர் அகலம். சொக்கெட்டில் 68 ஊசிகள். அவற்றில் பதினாறாவது ஊசியோடுதான் எனக்கு ஆயுள்காலப் பகை. கார்ட் செயலியைக் கூப்பிடுகிற ஊசி அது. அந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் இன்டரப்ட்.

இந்தச் சங்கதி எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். அப்பா கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில், துரை பங்களாவின் அப்புவாக இருந்தவர். பங்களாக் குசினிச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி தொங்கும். சாப்பாட்டறை, படுக்கையறை, வராந்தா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொத்தான். எங்கே அழுத்தினாலும் குசினியில் அடிப்பது ஒரே மணிதான். அப்பா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்ப்பார். எந்த அறையின் தகடு ஆடுகிறதோ அந்த அறைக்குப் போவார். கணினியிலும் அதே ஏற்பாடுதான். செயலிக்குப் போவது ஒரே மணி. எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல 8259 என்றொரு சிப் இருந்தது. மணி கேட்டதும் செயலி நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவைத்து, இலக்கத்தைக் கேட்டு, அதற்குரிய வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்.

1981இல் வந்த ஐபிஎம் பீசியில் அந்தச் சிப் ஒன்றுதான், அதற்கு எட்டுக் கம்பிகள். 1984இல் ஏடீ மாதிரியில் இரண்டாவது சிப்பைச் சேர்த்தார்கள். அது முதல் சிப்பின் 2ஆம் இலக்கத்தில் தொங்கியபடியால் பயன்பாட்டுக்குக் கிடைத்தது பதினைந்து. பதினைந்து வருடம் கழித்து எங்கள் மேசைக்கு வந்த மடிக்கணினியிலும் அதே பதினைந்துதான். அவற்றில் 0 கடிகாரத் துடிப்புக்கு. 1 விசைப்பலகைக்கு. 3உம் 4உம் சீரியல் போர்ட்டுகளுக்கு. 5 பெரும்பாலும் சவுண்டுக்கு. 6 பிளொப்பிக்கு, 7 பிரிண்டருக்கு, 8 நேரம் காக்கும் கடிகாரத்துக்கு, 12 மவுஸுக்கு, 13 கணிதச் செயலிக்கு, 14உம் 15உம் ஹார்ட் டிஸ்க்குக்கும் சீடீக்கும். மிஞ்சுவது 9, 10, 11. அவற்றிலும் பீசிஐ சாதனங்கள் வந்து குந்திக்கொள்ளும். போதாததற்கு, மடிக்கணினிகளில் இன்ஃப்ராரெட் என்று ஒரு கருஞ்சிவப்புக் கண்ணாடி இருக்கும். அதைப் பயன்படுத்திய ஒருவரைக்கூட நான் கண்டியில் கண்டதில்லை, ஆனால் அது 3ஐப் பிடித்து வைத்திருக்கும். கார்ட் செருகுவதையும் கழற்றுவதையும் அறிவிக்க சொக்கெட் தனக்கென்று ஓர் இலக்கம் கேட்கும். இத்தனைக்கும் பிறகு கார்ட்டுக்கு இடம் தேட வேண்டும்.

விண்டோஸ் 95உம் 98உம் அந்தத் தேடலைத் தாங்களே செய்தன. மோதல் இருந்தால் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறி போடும். மஞ்சள் குறி இருந்தால் நானாவின் வைத்தியம் ஒன்றே ஒன்று: "வேற இலக்கத்துக்கு மாத்திப் பாருங்க தம்பி." பல நேரம் பலிக்கும். என்னைப் படுத்தியெடுத்தவை மஞ்சள் குறி இல்லாத கணினிகள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று திரை சொல்லும், கார்ட்டோ உயிரில்லாமல் கிடக்கும்.

ஏன் அப்படி என்பதை எனக்குக் காட்டித்தந்தது பேராதனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவியின் மடிக்கணினி. பகலில் துறையில் நெட்வேர்க் கார்ட் வேண்டும். இரவில் தங்கியிருந்த போர்டிங்கில் மொடம் வேண்டும். மழைமானி, வெப்பமானித் தரவுகளைச் சேர்க்கும் கருவியொன்றைப் பின்பக்க சீரியல் போர்ட்டில் மாட்டுவார், அதுவும் வேண்டும். மொடம் சில நாள் வேலை செய்தது. நெட்வேர்க் கார்ட் விண்டோஸில் அசையவே இல்லை. டிவைஸ் மனேஜரைத் திறந்தால் அந்தக் கார்ட்டுக்கு 10ஆம் இலக்கம், மோதல் எதுவும் இல்லை. அந்தக் கணினியில் லினக்ஸும் இருந்தது. கூடப் படித்த யாரோ, விண்டோஸ் காட்டிய 10ஐப் பார்த்து, லினக்ஸின் அமைப்புக் கோப்பிலும் கார்ட்டுகளுக்கு 10 மட்டும் என்று எழுதி வைத்திருந்தார். லினக்ஸில் கார்ட் ஊர்ந்தது. பிங் அனுப்பினால் மறுமொழி வரும், விநாடிக் கணக்கில் காத்திருந்தால்.

"கார்ட்டத்தான் மாத்தணுமா அண்ணா?" என்று கேட்டார். புதுக் கார்ட் வாங்குவதென்றால் அவருக்கு மாதச் செலவு முழுவதும் போய்விடும் என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

துறையின் நெட்வேர்க்கிலேயே சோதிக்க வேண்டியிருந்ததால், அந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பேராதனைக்குப் போனேன். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு கண்டியில் பையோடு நடப்பது சுலபமான காரியமாக இருக்கவில்லை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் பையை இன்னொரு முறை திறக்க வேண்டியிருக்கும். வழிச் சோதனையில் ஒரு இளம் சிப்பாய் கார்ட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணினியைப் போட்டுக் காட்டச் சொன்னான். லினக்ஸ் எழும்பியது. அதன் கார்ட் மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்ட்டை அடையாளம் கண்டதும் உச்சத்தில் ஒரு பீப் போடும். கார்ட் தயாரானால் அதே உச்சத்தில் இன்னொரு பீப், தயாராகாவிட்டால் அடிக்குரலில் ஒன்று. அன்றைக்கு உச்சமும் அடியுமாகக் கலந்து நாலு ஒலி. சிப்பாய் ஒரு எட்டு பின்னால் போனான். என் நெஞ்சும் ஒரு துடிப்பு தவறித்தான் அடித்தது. டெலிபோனுக்கான சாமான், பழுதாகியிருக்கிறது, அதுதான் கத்துகிறது என்று சிங்களத்தில் சொன்னேன். "ஹொந்தட்ட ஹதாகன்ன" என்று சிரித்துக்கொண்டே பையைத் தந்தான். நன்றாகத் திருத்திக்கொள்ளட்டாம்.

திருத்துவதற்கான வழி கணினி எழும்பும்போது ஓடுகிற வரிகளில் இருந்தது. அந்தக் காலத்து லினக்ஸில் இந்தக் கார்ட்டுகளுக்கான மென்பொருளை எழுதிப் பராமரித்தவர் டேவிட் ஹைண்ட்ஸ். சொக்கெட் சிப்பைக் கண்டுபிடித்ததும், கார்ட்டுக்குத் தரக்கூடிய இலக்கங்களை ஒரு வரியில் அது அச்சிடும். இலக்கங்களுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். சோதித்துப் பார்த்துத் தேறியவை என்றால் ஸ்கேன்ட். சோதனையில் எதுவும் தேறாமல், காலியாகத் தெரிவதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் டிபோல்ட். அந்தக் கணினியில் 10க்கு முன்னால் இருந்தது டிபோல்ட். கூடவே நெட்வேர்க் கார்ட்டின் டிரைவர், இன்டரப்ட் தவறிப்போகிறது என்று வரிக்கு வரி புலம்பியிருந்தது. மணி வராவிட்டால் தானே அவ்வப்போது போய்ப் பார்க்கும் ஒரு காவல் ஏற்பாடு அந்த டிரைவரில் உண்டு. பிங் ஊர்ந்து ஊர்ந்தாவது வந்ததற்குக் காரணம் அதுதான். விண்டோஸ் டிரைவரில் அது இருந்ததாகத் தெரியவில்லை, அதனால் அங்கே முழு மௌனம்.

பல்கலைக்கழகத்தில் மூலநிரல் கிடைத்தது. கடைக்குக் கொண்டுவந்து, இரவில் கடை பூட்டிய பிறகு வாசித்தேன். சிக்கல் எங்கே என்று அதில் துலக்கமாகத் தெரிந்தது.

சொக்கெட் சிப்புகளுக்கெல்லாம் முன்மாதிரி இன்டெலின் 82365. வேறு நிறுவனங்கள் செய்தவையும் அதன் பதிவேடுகளையே பின்பற்றின. அதில் ஒரு பதிவேட்டின் நான்கு பிட்டுகள்தான் கார்ட்டின் கூப்பாடு எந்த இலக்கத்தில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும். 10 என்று எழுதினால் 10ஆம் கம்பியில் போக வேண்டும். சிப்பில் அதற்கான கால் இருக்கிறது. ஆனால் அந்தக் காலிலிருந்து 8259 வரைக்கும் மதர்போர்டில் செப்புக் கோடு இழுத்திருக்க வேண்டுமே! மடிக்கணினியில் இடம் நெருக்கம். செய்தவர் சில கால்களை மட்டும் கட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருப்பார். எவற்றைக் கட்டினார் என்று வாங்குகிறவருக்குத் தெரிவிக்கும் வழக்கமும் இல்லை. பதிவேடு மட்டும் எதையும் மறுக்காது. 10 என்று எழுதினால் வாங்கிக்கொள்ளும், திருப்பி வாசித்தால் 10 என்றே சொல்லும். விண்டோஸ் தன் பட்டியலைப் பார்க்கிறது. 10ஐ வேறு யாரும் கேட்கவில்லை, ஆகவே மோதல் இல்லை, ஆகவே எல்லாம் ஒழுங்கு. கம்பியே இல்லாத இலக்கத்துக்கு யார்தான் போட்டி போடப்போகிறார்கள்?

ஹைண்ட்ஸின் நிரல் பட்டியலோடு நிற்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தையும் அது சோதித்த விதம் என் தொழிலுக்கே பாடமாக அமைந்தது. முதலில் அந்த இலக்கத்தைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும். யாராவது ஏற்கெனவே விடாப்பிடியாக வைத்திருந்தால் அத்தோடு சரி, அடுத்த இலக்கம். கிடைத்துவிட்டாலும் உடனே எதையும் செய்யாது. விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் சும்மா காத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு இன்டரப்ட் வந்தாலும் அந்த இலக்கம் தள்ளுபடி, ஏனென்றால் நாம் கூப்பிடாமலே அங்கே யாரோ கூப்பிடுகிறார்கள். அமைதியாக இருந்தால், சொக்கெட் சிப்பின் ஒரு பிட்டைத் தட்டி, ஒரே ஒரு இன்டரப்ட்டை வேண்டுமென்றே கிளப்பும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்து எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை சரியாக ஒன்றாக இருக்க வேண்டும். பூச்சியம் என்றால் கம்பி இல்லை. இரண்டு, மூன்று என்றால் கம்பியில் வேறு யாரோ இருக்கிறார்கள், அல்லது இரைச்சல். தேறியவற்றை இன்னொரு சுற்றும் சோதித்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்கும்.

முதலில் மௌனத்தைச் சோதி, பிறகு ஓசையைச் சோதி, ஓசை ஒன்றா என்று எண்ணு, மறுபடியும் செய். நான் அதுவரை ஓசையை மட்டும்தான் சோதிக்கக் கற்றிருந்தேன். எனக்குப் பழக்கித்தந்த எவரும் மௌனத்தைச் சோதிக்கச் சொன்னதில்லை. ஒரு சாதனம் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான், கேட்காதபோது அது சும்மா இருக்கிறதா என்று பார்ப்பது மற்றப் பாதி.

அமைப்புக் கோப்பிலிருந்து அந்தப் 10ஐ எடுத்துவிட்டு கணினியை மறுபடி போட்டேன். வரி மாறியது. ஸ்கேன்ட், 4, 7. அவ்வளவுதான். அதில் 4 தரவுக் கருவி மாட்டும் சீரியல் போர்ட்டுக்கு உரியது. அந்த நேரத்தில் போர்ட்டை யாரும் திறந்திருக்கவில்லை, அதனால் சோதனையில் தேறிவிட்டது. இந்த முறையின் குறையும் அதுதான். சோதிக்கும் கணத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரை அது காலி இடம் என்று எண்ணிவிடும். அதற்கு மருந்தாகக் கோப்பில் விலக்குப் பட்டியல் எழுத இடம் வைத்திருந்தார்கள், 4ஐ அதில் சேர்த்தேன். பிறகு பயோஸுக்குள் போய் இன்ஃப்ராரெட்டை நிறுத்தினேன். மறுபடி போட்டதும் 3 பட்டியலில் வந்து உட்கார்ந்தது. அந்த மாணவி அச்செடுப்பதெல்லாம் துறையில்தான், ஆகவே பிரிண்டர் போர்ட்டையும் பயோஸில் நிறுத்தி 7ஐ முழுதாக விடுவித்தேன். நெட்வேர்க்குக்கு 3, மொடத்துக்கு 7. செருகல் கழற்றலை அறிவிக்க சொக்கெட் கேட்ட இலக்கத்தைக் கொடுக்கவில்லை. விநாடிக்கு ஒருமுறை நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று மென்பொருளுக்கு ஒரு கட்டளை வைத்தேன். கார்ட் செருகி ஒரு விநாடி பிந்தித் தெரிந்தால் யாருக்கு என்ன நட்டம்? விண்டோஸில் டிவைஸ் மனேஜருக்குள் போய் 10ஐ ஒதுக்கிவைக்கப்பட்ட இலக்கம் என்று குறித்தேன். அதன் பிறகு விண்டோஸும் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு உச்ச பீப், மறுபடி இரண்டு உச்ச பீப். மல்லி அடுத்த மேசையிலிருந்து கைதட்டினான்.

நானா கார்ட்டையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. ஒரு சீஆர் கொப்பியை எடுத்து என் முன்னால் போட்டார். "இதெல்லாம் ஒங்கட மண்டைக்குள்ள இருந்தா கடைக்கு என்ன பிரயோசனம்? எழுதி வைங்க." அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொரு மடிக்கணினிக்கும் ஒரு பக்கம். மாதிரி இலக்கம், சொக்கெட் சிப், சோதனையில் தேறிய இலக்கங்கள், பயோஸில் நிறுத்தியவை, விலக்குப் பட்டியல். லினக்ஸ் வேண்டாம் என்ற வாடிக்கையாளரின் கணினியையும் பிளொப்பியிலிருந்து லினக்ஸில் எழுப்பி, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, விண்டோஸில் அதற்கேற்றபடி அமைத்துக் கொடுத்தோம். மாதிரி இலக்கம் ஒன்றே என்பதால் இரண்டு கணினிகளுக்கு ஒரே பக்கத்தை எழுதக்கூடாது என்பதும் கொப்பியில்தான் தெரிந்தது. ஒரே பெயரில் வந்த இரண்டில் சொக்கெட் சிப் வேறாக இருந்தது, தேறிய இலக்கங்களும் வேறு.

2001இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு மின்வெட்டில் விழுந்தது. விக்டோரியா, கொத்மலை, பொல்கொல்லை என்று அணைகள் சூழ இருக்கும் கண்டியிலும் முறை வைத்துக் கரண்ட் போகும். பற்றரியில் ஓடும் மடிக்கணினிக்கு அதனால் திடீர் மவுசு. நானா எங்கிருந்தோ பெட்டி பெட்டியாகப் பழைய கணினிகளை இறக்கினார். கொப்பி தடித்தது. வேறு கடைக்காரர்களும் ஏறி வந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நானா ஒரு பிளேன்ரீயும் கொடுத்து அனுப்புவார்.

அதற்குள் கார்ட்டே மாறத் தொடங்கியிருந்தது. 1995இல் தரப்படுத்திய கார்ட்பஸ், 32 பிட், 33 மெகாஹேர்ட்ஸ், உண்மையில் பீசிஐ பாதையை வெளியே நீட்டிக் கொடுத்தது. பழைய ஐஎஸ்ஏ முறையில் கம்பியின் அழுத்தம் ஏறும் அந்த விளிம்பைத்தான் 8259 கவனிக்கும், ஆகவே ஒரு கம்பியை இருவர் பகிர்ந்தால் ஒருவரின் கூப்பாடு மற்றவருடையதில் காணாமல் போகும். பீசிஐயில் கூப்பிடுகிறவர் கவனிக்கப்படும்வரை கம்பியைப் பிடித்தே வைத்திருப்பார். டிரைவர்கள் வரிசையாக, என் சாதனமா, உன் சாதனமா என்று பார்த்துத் தீர்த்துவைக்கும். பலர் ஒரு கம்பியில் இருக்கலாம். விண்டோஸ் 2000 வந்த புதிதில் எல்லாம் 9இல் அல்லது 11இல் குவிந்துகிடக்கிறதே என்று பதறிக்கொண்டு வந்தவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புவேன். குவிவதில் குற்றமில்லை, தன்னுடையதல்லாததைத் தன்னுடையதென்று சொல்லும் டிரைவர் ஒன்று இருந்தால்தான் ஆபத்து.

பீசிஐயிலும் பட்டியலுக்கும் கம்பிக்கும் இடையிலான பழைய வழக்கு தீரவில்லை. எந்தச் சாதனத்தின் கால் எந்தக் கம்பியில் போகிறது என்பதை பயோஸ் ஓர் அட்டவணையாக நினைவகத்தில் வைக்கும். டொலர் குறியும் பி, ஐ, ஆர் எழுத்துகளும் அதன் தலைப்பு. அட்டவணையில் சொக்கெட் பாலத்தின், அதாவது கார்ட்பஸ் காலத்துச் சொக்கெட் சிப்பின், வரி விடுபட்டிருந்தால், அல்லது பயோஸ் அதற்கு இலக்கமே கொடுக்காமல் விட்டிருந்தால், பாலத்தின் பதிவேட்டில் 255 என்றிருக்கும். யாரும் கட்டவில்லை என்று அர்த்தம். பயோஸில் ப்ளக் அண்ட் ப்ளே இயங்குதளம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று மாற்றினால், இயங்குதளம் செய்யும் என்று விட்டிருந்த ஒதுக்கீட்டை பயோஸ் தானே செய்துவிடும். பல கணினிகள் அதிலேயே உயிர்த்தன. மிச்சத்துக்கு 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கைகொடுத்தது. அதன் கேர்னலிலேயே இருந்த சொக்கெட் டிரைவர், பழைய 16 பிட் கார்ட்டின் கூப்பாட்டையும் பாலத்தின் பீசிஐ கம்பி வழியாகவே கொண்டுபோகும். 3க்கும் 7க்கும் அடித்துப்பிடித்த காலம் அத்தோடு முடிந்தது.

பிறகு மொடமும் நெட்வேர்க்கும் வைஃபையும் கணினிக்குள்ளேயே வந்தன, வெளிச்சாமான் எல்லாம் யூஎஸ்பிக்குப் போயின. பக்கவாட்டு வாய் முதலில் ஒடுங்கியது, பிறகு இல்லாமலே போனது. இன்டரப்ட்டும் கம்பியைக் கைவிட்டது. 1998இன் பீசிஐ 2.2 தரத்திலேயே அதற்கான வழி இருந்தது. பீசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது அது வழக்கமாகிவிட்டது. சாதனம் ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஓர் எண்ணை எழுதும், அந்த எழுத்தே கூப்பாடு. செப்புக் கோடு இழுக்க மறந்தார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனாலும் இன்று கடைக்கு வரும் புத்தம்புதிய மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டு இன்டரப்ட் பட்டியலைப் பார்த்தால், பெரிய பெரிய எண்களுக்கு மேலே 1, 8, 9 என்று பழைய ஆட்கள் சிலர் அதே இருக்கையில் இருப்பார்கள்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் பொடியன்களுக்கு வன்பொருள் படிப்பிக்கிறேன். இலக்கம் ஒதுக்குவதைப் பாடமாக நடத்துவதில்லை, அவர்களுக்கு அது தேவைப்படாது. அந்தச் சோதனையின் ஒழுங்கை மட்டும் விடாமல் நடத்துகிறேன். போன மாதம் ஒரு புதுக் கட்டடத்தில் நெட்வேர்க் வேலைக்குக் கூட்டிப்போயிருந்தேன். சுவரில் உள்ள ஒவ்வொரு பொயின்டுக்கும் அழகாக இலக்கம் ஒட்டியிருந்தது, கீழே ராக்கிலும் அதே இலக்கங்கள். ஒரு பொடியன் லேபிளைப் பார்த்துப் பார்த்து வயரைச் செருகத் தொடங்கினான். "சேர், எல்லாத்துலயும் நம்பர் இருக்கு, பிறகு எதுக்கு டெஸ்டர்?" என்றான். லேபிள் ஒட்டியவர் கெட்டிக்காரராக இருக்கலாம் தம்பி, வயர் இழுத்தவர் வேறு ஆள் என்றேன். முதலில் எதையும் செருகாமல் டெஸ்டரில் எந்த விளக்கும் எரியவில்லை என்று பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் லேபிள் மாறிக்கிடந்த பொயின்ட்டுகளையெல்லாம் அவனே கண்டுபிடித்துத் தன் கொப்பியில் எழுதியிருந்தான்.